மறு: காலிபரேஷன் – வடிகால் மாடலுக்கும் 'அளவுத்திருத்தம்' தானா?

> மழைமானிக்கு அளவுத்திருத்தம்னு சொல்றோம், மாடலுக்கும் அதையே போட்டுட்டுப் போலாமே, எதுக்கு இன்னொரு சொல்லு?

வணக்கம் ஐயா,

காலிபரேஷனுக்குத் தமிழ்ல 'அளவுத்திருத்தம்'னு போடுறது மழைமானிக்குக் கச்சிதம், அதுல சண்டையே இல்ல. அளந்த தண்ணிய மெதுவா ஊத்தி, மானிக்குள்ள இருக்குற குட்டி பக்கெட் ரொம்பி எத்தன தடவ கவுறுதுன்னு பாத்து திருத்துறோம், கண்ணு முன்னாடி ஒரு நிஜ அளவு இருக்கு. ஆனா ஸ்வம் (SWMM) மாடல்ல (மழைத்தண்ணி வடிகால்ல எப்படி ஓடும்னு கணக்குப் போடுற கம்ப்யூட்டர் மாடல், அமெரிக்க சுற்றுச்சூழல் அமைப்பு ஈ.பி.ஏ. 1971ல கொண்டுவந்தது, இன்னிக்கும் ஓடுது) எதத் திருத்துறோம்? உட்பகுதியோட (வடிகாலுக்குத் தண்ணி அனுப்புற ஒவ்வொரு சின்னப் பரப்போட) அகலம்னு ஒரு அளபுரு (பாராமீட்டர்), டேப் புடிச்சு அளக்குற சமாச்சாரமே இல்ல, நாமளா ஒரு எண்ணப் போட்டு ஓட்டிப் பாக்குறோம், மாடல் காட்டுற உச்சம் வடிகால்ல அளந்தத விட சீக்கிரமாவும் உசரமாவும் வந்தா அகலத்தக் குறைக்கிறோம், மொத்தத் தண்ணி பத்தலன்னா தண்ணி இறங்காத பரப்ப ஏத்துறோம், இல்ல குழிகள்ல தேங்குறதக் குறைக்கிறோம், எப்படிப் பண்ணாலும் கிட்டத்தட்ட அதே கிராஃப் வந்து நிக்கும்!

இதப் போயி 'திருத்தியாச்சு'ன்னு ரிப்போர்ட்ல எழுதினா படிக்கிற இன்ஜினியர் உண்மையவே கண்டுபுடிச்சிட்டோம்னு நெனப்பாரு. குப்ப அடைச்சுக் கெடந்த நாளோட டேட்டாவுக்கு மானிங் எண்ண (வடிகாலோட சொரசொரப்பக் காட்டுற எண்) 0.013லேருந்து 0.03க்கு ஏத்துங்க, நாஷ்-சட்கிளிஃப் (மாடல் அளந்ததோட எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு காட்டுற மதிப்பெண், 1னா முழுப் பொருத்தம்) 1ஐ நெருங்கி ஜோரா வரும். தூர் வாரின மறுமழைக்கே மாடல் கவுந்துடும்.

மழை டேட்டாவே இன்னொரு தலவலி. 2015 டிசம்பர் 2 காலை வரைக்குமான 24 மணி நேரத்துல தாம்பரத்துல 49 செ.மீ., நுங்கம்பாக்கத்துல 29 செ.மீ. நுங்கம்பாக்கம் மானிய மட்டும் வச்சு தென்சென்னை வடிகாலுக்கு மாடல் போட்டா, மழைல இருக்குற பிசகு முழுசும் அளபுரு தலைல விழும், அத 'திருத்தம்'னு சொல்ல எனக்கு வாய் வரல.

என் பரிந்துரை 'ஒப்பமைத்தல்'. ஒப்பமைத்த மாடல், ஒப்பமைப்புக் காலம்னு எல்லாம் வரும். "மழைமானிய அளவுத்திருத்தம் பண்ணிட்டு மாடலை ஒப்பமைச்சோம்"னு ஒரே வரில குழப்பமில்லாம எழுதலாம்.

---

> என் பரிந்துரை 'ஒப்பமைத்தல்'

வாதம் சரிங்க, ரெண்டுக்கும் ரெண்டு சொல்லு வேணும். ஆனா 'ஒப்பமைப்பு' காதுல 'ஒப்புமை' மாதிரி விழுது, கிளாஸ்ல சொன்னா பசங்க அதத்தான் எழுதுவாங்க. 'இணக்குதல்' எப்படி? ஏற்கனவே இருக்குற வினை, சின்னது, 'மாடலை இணக்கினோம்', 'இணக்காத மாடல்'. முக்கியமா, இணக்குறதுன்னா ரெண்டு பேரச் சமாதானம் பண்ணி வைக்கிறது, யாரு பக்கம் நியாயம்னு அதுல இல்ல, நீங்க சொல்றதும் அதானே. 'இணக்கம்' வேற பொருள்ல ஓடிட்டு இருக்கு, அதனால பெயர்ச்சொல்லுக்கு 'இணக்கல்'னே வச்சுக்கலாம்.

வேலிடேஷன இதோட கலக்க வேணாம், அது இணக்கலுக்கு எடுக்காத வேற மழைய ஓட்டிப் பாக்குறது, 'சரிபார்ப்பு'ன்னு போட்டா வெரிஃபிகேஷன் (மாடலோட கணக்கு சரியா ஓடுதான்னு பாக்குறது) தனக்கும் அதே சொல்லான்னு கோவிச்சுக்கும், அதத் தனியாப் பேசுவோம்.