அப்டேட்டுக்குப் பிறகு டைப்-சி ஹப் வழியாக மானிட்டர் வரவில்லை, நேரடி எச்டிஎம்ஐ-யில் வருகிறது

கோத்தகிரி_கணக்கு:
வணக்கம்ங்க. தேயிலை ஃபேக்டரி ஆபீஸ் லேப்டாப், விண்டோஸ் 11. மானிட்டர் 27 இன்ச், 2560 × 1440. டைப்-சி ஹப்பில் (ஒரு டைப்-சி போர்ட்டைப் பல போர்ட்டுகளாக்கும் சின்னப் பெட்டி) எச்டிஎம்ஐ கேபிள் போட்டு ஓடிக்கொண்டிருந்தது. அப்டேட் ஏறி ரீஸ்டார்ட் ஆனதிலிருந்து மானிட்டர் "நோ சிக்னல்" காட்டிவிட்டுத் தூங்கிவிடுகிறது. ஹப்பில் மவுஸ், பென்டிரைவ் எல்லாம் வேலை செய்கின்றன. அதே கேபிளை லேப்டாப்பின் எச்டிஎம்ஐ போர்ட்டில் நேராகச் செருகினால் படம் வருகிறது. ஆனால் அந்த போர்ட் புரொஜெக்டருக்கு வேண்டும். அப்டேட்டை அன்இன்ஸ்டால் பண்ணலாமா? ஹப்பைத் தூக்கிக்கொண்டு கீழே கோயம்புத்தூர் வரை இறங்க வேண்டுமா?

குன்னூர்_வயரிங்:
இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். நேரடியாகப் படம் வருகிறது என்றால் கிராஃபிக்ஸ் டிரைவர் உயிரோடுதான் இருக்கிறது, கேபிளும் மானிட்டரும் சரி. கோளாறு டைப்-சி போர்ட்டுக்கும் ஹப்புக்கும் நடுவில். மவுஸ் வேலை செய்வதை வைத்து ஹப் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். யூஎஸ்பி டேட்டா போகும் கம்பி வேறு, படம் போகும் கம்பி வேறு.

முதலில் ஒரே ஒரு விஷயம் பாருங்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே போங்கள். ஹப் மாட்டியிருக்கும்போது அங்கே 2 என்று இரண்டாவது கட்டம் தெரிகிறதா? கட்டமே இல்லை என்றால் லேப்டாப்புக்கு மானிட்டர் இருப்பதே தெரியவில்லை. கட்டம் இருந்தும் திரை கறுப்பு என்றால் லேப்டாப் படத்தை அனுப்புகிறது, வழியில் விழுந்துவிடுகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

கட்டம் இல்லை என்றால்: ஹப் டிஸ்ப்ளேலிங்க் வகையா என்று அதன் அடியில் உள்ள லேபிளைப் பாருங்கள். அந்த வகை தனி டிரைவரை நம்பி ஓடுவது, அப்டேட்டில் அது அறுந்துபோவது சகஜம். டிஸ்ப்ளேலிங்க் இப்போது சினாப்டிக்ஸ் கம்பெனியுடையது, அவர்கள் தளத்திலிருந்து புதிய டிரைவரை இறக்கிப் போட்டால் போதும். சாதாரண ஹப் என்றால் டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி கனெக்டர் மேனேஜர் என்ற தலைப்பின் கீழ் மஞ்சள் முக்கோணம் இருக்கிறதா பாருங்கள். பிறகு முழு ஷட்டவுன். ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஷட்டவுன் கொடுங்கள். வெறும் ஷட்டவுனில், விண்டோஸ் சீக்கிரம் திறக்க வைத்திருக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் பழைய நிலையைச் சேமித்து வைத்துவிடும். சார்ஜர், ஹப் எல்லாம் கழற்றி, பவர் பட்டனை 30 செகண்ட் அழுத்தி, மானிட்டர் பிளக்கையும் பிடுங்கி 2 நிமிடம் விட்டு மாட்டுங்கள்.

கூடலூர்_நெட்:
இதோடு ஒன்று. மலையில் பலரும் போன் ஹாட்ஸ்பாட்டில்தான் ஓட்டுகிறோம், டேட்டா மிச்சம் பிடிக்க அதை மீட்டர்டு கனெக்ஷனாகவும் (அளவோடு டேட்டா செலவழிக்கும் இணைப்பு) வைத்துவிடுகிறோம். அப்படி வைத்தால் டிவைஸ் டிரைவர்கள் தானாக இறங்காது. செட்டிங்ஸில் புளூடூத் அண்ட் டிவைசஸ், டிவைசஸ் பக்கத்தில் "டவுன்லோட் ஓவர் மீட்டர்டு கனெக்ஷன்ஸ்" என்று ஒரு சுவிட்ச் இருக்கும். ஆன் செய்துவிட்டு மறுபடி அப்டேட் தேடவிடுங்கள்.

கோத்தகிரி_கணக்கு:
பார்த்தேன்ங்க. கட்டம் 2 தெரிகிறது. மஞ்சள் முக்கோணம் எதுவும் இல்லை. டிஸ்ப்ளேலிங்க் இல்லை, ஹப்பின் மேலே "4கே 30" என்று மட்டும் போட்டிருக்கிறது. ரெசல்யூஷனை 1920 × 1080 ஆக்கினால் படம் வருகிறது! 1440-க்கு மாற்றினால் மறுபடி கறுப்பு.

குன்னூர்_வயரிங்:
அப்படியானால் விஷயம் பிடிபட்டது. அதே டிஸ்ப்ளே பக்கத்தில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே திறந்து, மேலே மானிட்டர் 2-ஐத் தேர்ந்தெடுத்து ரிஃப்ரெஷ் ரேட் (திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற எண்) பாருங்கள். 75 ஹெர்ட்ஸ் என்று இருக்க வாய்ப்பு அதிகம். டிரைவர் மாறும்போது பழைய டிஸ்ப்ளே செட்டிங் போய், மானிட்டர் தாங்கும் உச்சத்துக்குத் தாவிவிடுவது உண்டு.

கணக்கு இதுதான். 1440-ல் 60 ஹெர்ட்ஸுக்கு பிக்சல் கிளாக் (படப் புள்ளிகளை அனுப்பும் வேகம்) 241.5 மெகாஹெர்ட்ஸ். 75-க்கு அது சுமார் 304. "4கே 30" (3840 × 2160 படம், 30 ஹெர்ட்ஸ்) ஹப் தாங்குவதாகச் சொல்லும் அளவோ 297. உங்கள் ஹப் அந்த விளிம்பில் வழுக்கி விழுகிறது. 1080-ல் 60 என்றால் 148.5 போதும், அதனால்தான் படம் வருகிறது. லேப்டாப்பின் சொந்த போர்ட்டுக்கு இந்த எல்லை இல்லை.

இப்போது 1080-ல் இருக்கும்போதே 60-க்கு மாற்றி, அதன் பிறகு 1440-க்கு ஏற்றுங்கள். ரெசல்யூஷன் ஏறியதும் ரேட் தானாக 75 ஆகியிருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். திரை கறுத்தாலும் பயம் வேண்டாம், 15 செகண்டில் பழைய நிலைக்குத் திரும்பும். 75 ஹெர்ட்ஸ்தான் வேண்டும் என்றால் "4கே 60" என்று எழுதிய ஹப் வாங்குங்கள். ஏலப் பட்டியலும் பசுந்தேயிலைக் கணக்கும் பார்க்க 60 தாராளம்.

கோத்தகிரி_கணக்கு:
75-தான் இருந்தது. 60 ஆக்கினேன், 1440-ல் நிற்கிறது. ரொம்ப நன்றிங்க. ஆனால் அவ்வப்போது ஒரு செகண்ட் கறுத்துத் திரும்புகிறது, முக்கியமாகக் காலையில்.

கூடலூர்_நெட்:
காலையில் மட்டும் என்றால் ஈரத்தைச் சந்தேகப்படுங்கள். ஐப்பசி மழையில் கோத்தகிரிப் பக்கம் ராத்திரி முழுக்க மூடுபனி உள்ளே வரும், பித்தளையெல்லாம் மங்கும். ஹப்பின் டைப்-சி முனையையும் கேபிளின் இரண்டு முனைகளையும் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பச்சையோ மங்கலான வெள்ளைப் பூச்சோ தெரிந்தால், எல்லாம் ஆஃப் ஆன நிலையில், 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த நார் உதிராத துணியால் முனையைத் துடைத்து 10 நிமிடம் காயவிடுங்கள். சானிடைசர் வேண்டாம், அதில் தண்ணீரும் கிளிசரினும் கலந்திருக்கும். லேப்டாப் போர்ட்டுக்குள் ஊசி விடாதீர்கள், நடுவில் இருக்கும் மெல்லிய நாக்கு ஒடிந்தால் மதர்போர்டையே பிரித்துச் செய்யும் ரிப்பேர்தான். ராத்திரி ஹப்பை ஜன்னல் ஓரம் விடாமல் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வையுங்கள்.

குன்னூர்_வயரிங்:
துடைத்தும் நிற்கவில்லை என்றால் எச்டிஎம்ஐ கேபிளை 1.5 மீட்டருக்குள் உள்ளதாக மாற்றிப் பாருங்கள். பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே லேப்டாப்பை எழுப்பும் அடிப்படை புரோகிராம்) அப்டேட் கடைசி. அதைச் செய்வதானால் காற்றும் மழையும் இல்லாத நாளில், பேட்டரி 50 சதவீதத்துக்கு மேல் இருக்க, சார்ஜரையும் மாட்டிக்கொண்டு செய்யுங்கள். மரம் விழுந்து கரண்ட் போகும் ஊரில் பேட்டரி பலம் இல்லாமல் பயாஸைத் தொடக்கூடாது.