எமிரேட்ஸ் கோல்ட் கார்டு: சிங்கப்பூர் போனால் ஸ்டேட்டஸ் மேட்ச் கிடைக்குமா?

மண்ணச்சநல்லூரான்:
துபாயில் இருக்கிறேன். எமிரேட்ஸின் அடிக்கடி பறப்பவர் திட்டமான ஸ்கைவர்ட்ஸில் கோல்ட் உறுப்பினர். கார்டு மே கடைசியில் முடிகிறது. ஏப்ரலில் அலுவலகம் என்னைச் சிங்கப்பூருக்கு மாற்றுகிறது. இனி வேலைப் பயணம் எல்லாம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸில்தான், பெரும்பாலும் டோக்கியோ. ஊருக்குப் போவது எப்போதும் போலத் திருச்சி வழியாக. கூடுதல் 16 கிலோவும் லவுஞ்சும் பழகிவிட்டன. திரும்பவும் அடியிலிருந்து ஏற மனசு வரவில்லை. இங்கே இருக்கும் கோல்டைக் காட்டி இன்னொரு ஏர்லைனில் கோல்ட் வாங்கலாம் என்கிறார்கள். யாரிடம் கேட்கலாம்? மனைவி, இரண்டு பிள்ளைகள் உண்டு.

மவுண்ட்ரோடு டிக்கெட்:
தம்பி, டிக்கெட் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு, கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். மேட்ச் என்பது எதிர்க்கடை வாடிக்கையாளரை இழுக்கிற வேலை. அதனால் ஒரே கூட்டணியில் (சலுகைகளைப் பகிர்ந்துகொள்ளும் ஏர்லைன் குழு) இருக்கும் ஏர்லைன்கள் ஒருவர் கார்டுக்கு மற்றவர் மேட்ச் தருவது அபூர்வம். எமிரேட்ஸ் எந்தக் கூட்டணியிலும் இல்லை, அந்த வகையில் உங்கள் கார்டு எங்கேயும் செல்லும் சரக்கு.

சிக்கல் என்னவென்றால் நீங்கள் பறக்கப்போகும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வழக்கமாக மேட்ச் தருகிற இடம் இல்லை. அவர்களுடைய கிரிஸ்ஃப்ளையர் திட்டத்தில் எலைட் கோல்ட் வேண்டுமென்றால் 12 மாதத்தில் 50,000 எலைட் மைல் பறந்தே சேர்க்க வேண்டும். டோக்கியோ போக வர சுமார் 6,600 மைல். முழு மைல் தரும் டிக்கெட்டில் எட்டு முறை போய் வந்தால் ஆயிற்று. அலுவலகம் மலிவு டிக்கெட் போட்டால் பாதி மைல்தான் ஏறும், அதை முதலில் உங்கள் டிராவல் டெஸ்கில் கேளுங்கள். பிசினஸ் கிளாஸ் என்றால் இன்னும் சீக்கிரம்.

அதுவரை இடைவெளியை அடைக்க ஒரு வழி இருக்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இருக்கும் கூட்டணி ஸ்டார் அலையன்ஸ். அதில் எந்த ஏர்லைன் கொடுத்த கோல்டும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்தில் செல்லும். மேட்ச் விஷயத்தில் கை தாராளம் என்று பெயர் எடுத்தது அதே கூட்டணியில் உள்ள டர்க்கிஷ் ஏர்லைன்ஸ். அவர்களுடைய எலைட் கார்டுதான் ஸ்டார் அலையன்ஸில் கோல்ட். விதிகளை அடிக்கடி மாற்றுவார்கள், விண்ணப்பம் போடும் அன்றைக்கு என்ன எழுதியிருக்கிறதோ அதைப் படியுங்கள். கிடைத்துவிட்டால் எகானமி டிக்கெட்டிலும் லவுஞ்ச், கூட ஒருவர், முன்னுரிமை செக்-இன், பெட்டி எண்ணிக்கைக்குப் பதில் எடைக் கணக்கு உள்ள ரூட்டில் கூடுதல் 20 கிலோ. உங்கள் 16-ஐ விட மேல்.

ஆனால் திருச்சி என்றீர்களே, அங்கேதான் இடிக்கிறது. சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நேராக வருவது ஸ்கூட், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் மாதிரி பட்ஜெட் விமானங்கள். தாய் நிறுவனங்கள் ஸ்டார் அலையன்ஸில் இருந்தாலும் இவை அதில் இல்லை. டர்க்கிஷ் கார்டை அங்கே நீட்டினால் கவுண்டரில் இருப்பவர் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், அவ்வளவுதான். கொழும்பு வழியாக ஸ்ரீலங்கனில் வருவீர்கள் என்றால் அது ஒன்வேர்ல்டு என்ற வேறு கூட்டணி, 2014-லிருந்து. அதற்கு வேறு கார்டு. பெட்டி எடைதான் முக்கியம் என்றால் சென்னைக்குச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் வந்து ரயில் பிடிப்பதும் ஒரு கணக்கு.

பூன்லே வாசி:
அண்ணா, பெயர் விஷயத்தை இப்போதே சரிபார்த்துவிடுங்கள். இரண்டு கணக்கிலும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நம்மவர்களுக்குப் பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி, ஒரு கிளப்பில் அப்பா பெயர் பின்னால், இன்னொன்றில் இனிஷியல் மட்டும் என்று இருக்கும். என் கணவர் விண்ணப்பத்தை ஒரு ஏர்லைன் இதற்காகவே நிராகரித்தது. பழைய கணக்கில் பெயரைத் திருத்தி வாங்குவதற்குள் அவருடைய கார்டே காலாவதி ஆகிவிட்டது.

அப்புறம், லவுஞ்சுக்கு விருந்தாளி ஒருவர்தான், அவரும் உங்களோடு பயணிக்க வேண்டும். நான்கு பேர் குடும்பம் என்றால் இரண்டு பேர் வெளியே. அக்காவும் பிள்ளைகளும் தனியாக ஊருக்குப் போகும்போது உங்கள் கார்டால் ஒரு பயனும் இல்லை. அவர்களுக்குத் தேவை லவுஞ்சா, கிலோவா என்று பாருங்கள். கிலோ என்றால் ஸ்கூட்டில் ஆன்லைனில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், விமான நிலையத்தில் வாங்கினால் விலை கூடும்.

மண்ணச்சநல்லூரான்:
இருவருக்கும் நன்றி. பாஸ்போர்ட்டில் சர்நேம் காலிதான், இன்றே பார்க்கிறேன். இரண்டு சந்தேகம். இப்போதே விண்ணப்பித்துவிடவா? டர்க்கிஷ் கார்டு வைத்துக்கொண்டு மைலைக் கிரிஸ்ஃப்ளையரில் ஏற்ற முடியுமா?

மவுண்ட்ரோடு டிக்கெட்:
இப்போது வேண்டாம். ஒப்புதல் வந்த நாளிலிருந்தே காலம் ஓடும், சில மாதம்தான் தருவார்கள். துபாயில் உட்கார்ந்துகொண்டு அதைக் கரைக்காதீர்கள். ஏப்ரலில் போய் இறங்கி, முதல் டோக்கியோ டிக்கெட் கையில் வந்ததும் போடுங்கள். மே கடைசிக்கு முன்னால் முடித்துவிட வேண்டும், காலாவதியான கார்டுக்கு மேட்ச் இல்லை. பெயர், உறுப்பினர் எண், தகுதி, முடியும் தேதி எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட், பறந்ததைக் காட்டும் ஸ்டேட்மென்ட், இரண்டையும் எடுத்து வையுங்கள். மேட்சில் வாங்கிய கார்டைக் காட்டி இன்னொரு மேட்ச் கேட்டால் மறுப்பார்கள். ஸ்டேட்மென்ட் கேட்பதே அதைக் கண்டுபிடிக்கத்தான்.

இரண்டாவது, முடியும். டிக்கெட்டில் கிரிஸ்ஃப்ளையர் எண் இருக்கட்டும். கவுண்டரிலும் லவுஞ்ச் வாசலிலும் டர்க்கிஷ் கார்டைக் காட்டுங்கள். போர்டிங் பாஸில் கோல்ட் என்று அச்சாகாது, ஆப்பில் கார்டைத் திறந்து தயாராக வைத்திருங்கள். அந்த மேட்சை நீட்டிக்க அவர்கள் கேட்கும் மைலை நீங்கள் சேர்க்கமாட்டீர்கள், போகட்டும். அதற்குள் கிரிஸ்ஃப்ளையரில் 50,000 நெருங்கிவிடும், டிராவல் டெஸ்க் மலிவு டிக்கெட் போடாமல் இருந்தால்.