புதுப்பிப்பு: பீபெல் ஓடர் சிக்கல் தீர்ந்திட்டுது

போன கிழமை கேட்டனான், திருநெல்வேலியில ஒரு பனங்கட்டிக் கடைக்கு ஓடர் வேலையை பீபெல்ல (BPEL, பல சேர்விஸுகளை ஒழுங்காக் கூப்பிட்டு ஒரு வேலையை நடத்திற மொழி) எழுதினனான், லொறிக்காரரின்ர சேர்விஸில இருந்து பதில் வாற இடத்தில கொரிலேஷன் வயலேஷன் எண்டு பிழை அடிக்குது எண்டு. இப்ப பிடிச்சிட்டன்.

லொறிப் பதில் வர மூண்டு நாலு மணித்தியாலம் செல்லும், அதுக்குள்ள இருபது ஓடர் திறந்து கிடக்கும், எந்தப் பதில் எந்த ஓடருக்கு எண்டு பீபெல்லை ஓட்டிற எஞ்சினுக்கு ஓடர் நம்பரை வச்சுத்தான் தெரியும், அதுதான் கொரிலேஷன் செட். முதல் ரிசீவில (மெசேஜ் வாங்கிற படியில) மட்டும் இனிஷியேட், அதாவது செட்டைத் தொடங்கு எண்டது, 'யெஸ்' எண்டு இருக்கவேணும், நான் அப்பிடியே கொப்பி பண்ணினதால ரெண்டாவதிலயும் யெஸ். ஏற்கனவே தொடங்கின செட்டைத் திரும்பத் தொடங்கச் சொன்னா பிழைதானே வரும். 'நோ' எண்டு மாத்தினன், சரி வந்திட்டுது.

ஒரு அண்ணை ஏன் பீபிஎம்என்னுக்குப் (BPMN, வேலையின்ர ஓட்டத்தைப் படமாக் கீறிற முறை) போகேல்லை எண்டு கேட்டவர். உண்மைதான் அண்ணை, பீபெல் பழசு, 2002இல ஐபிஎம்மின்ர டபிள்யூஎஸ்எஃப்எல், மைக்ரோசொஃப்டின்ர எக்ஸ்லாங் எண்ட ரெண்டு மொழியளையும் சேர்த்து வந்தது, அதின்ர 2.0 பதிப்பு ஓயாசிஸ் எண்ட தர அமைப்பின்ர தரமானது 2007இல. 2011இல பீபிஎம்என் 2.0 வந்தாப்பிறகு கீறின படமே ஓடும். புதுசாத் தொடங்கிறவை அதையே எடுங்கோ. ஆனா காம்பன்சேஷன் எண்ட விஷயத்தை எனக்கு வடிவா விளங்கப்படுத்தினது பீபெல்தான்: லொறி கிடைக்கேல்லை எண்டா ஒதுக்கின பனங்கட்டிக் குட்டானைத் திரும்ப ஸ்டொக்கில சேர்க்கவேணும், தானாப் பழைய நிலைக்குத் திரும்பிற ரோல்பேக் ஒண்டும் இல்லை, எதிர் வேலையை நாங்களே எழுதவேணும்.

அடுத்தது ஓன்அலாம் (குறிச்ச நேரம் கடந்தா ஓடுற பகுதி), ஆறு மணித்தியாலம் பதில் இல்லை எண்டா கடைக்கு மெசேஜ் போகவேணும்.