மட்டாஞ்சேரி சாரா பாட்டியைப் பார்த்தவர்கள் உண்டா?

2013இல் அம்மாவை அழைத்துக்கொண்டு கொச்சியின் மட்டாஞ்சேரிக்குப் போனேன். 1568இல் யூதர்கள் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்தைப் பார்ப்பதுதான் நோக்கம். போய் நின்ற நாள் சனிக்கிழமை. யூதர்களின் ஓய்வு நாளான சபாத்தில் திறக்கமாட்டார்கள் என்று விசாரிக்காமல் கிளம்பியது என் தப்பு; அம்மா இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார். ஞாயிறு காலை மறுபடி போனோம்.

ஆலயத்தில் சீனத்திலிருந்து வந்த நீல ஓடுகளைக் குனிந்து குனிந்து பார்த்தேன். அம்மாவுக்கு அதில் நாட்டமில்லை. அவர் நாற்பது வருடம் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்தவர். தெருவில் சாரா கோஹன் அம்மையாரின் கடையைக் கண்டதும் உள்ளே நுழைந்துவிட்டார்.

ஜன்னலோரம் தொண்ணூறு வயதுப் பாட்டி உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் அவர் பூவேலை செய்த கிப்பாக்கள், அதாவது யூத ஆண்கள் தலையில் வைக்கும் சின்னத் தொப்பிகள். சபாத் ரொட்டியை மூடும் துணிகள். அம்மா ஒரு தொப்பியை எடுத்து நேராகப் பார்க்கவேயில்லை, உடனே திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தார். முடிச்சு ஒன்றுகூடத் துருத்தவில்லை. நான் வாய் திறந்து பேரம் பேசப் போக, முழங்கையால் ஓர் இடி வாங்கினேன்.

அங்குள்ள யூதர்கள் வழக்கப்படி கூட்டு வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் வேண்டும். பெண்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். 1948க்குப் பிறகு பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர, தெருவில் சில முதியவர்கள்தான் மிஞ்சினார்கள். பத்துப் பேர் சேர்வதே பெரும்பாடு. கணக்கில் வராத அந்தக் கைதான் தலைகளுக்குத் தொப்பி தைத்துக்கொண்டிருந்தது. எனக்கு இது இப்போதும் உறுத்துகிறது.

2019 ஆகஸ்டில், 96 வயதில் அவர் காலமான செய்தியைப் படித்தபோது அம்மா பீரோவிலிருந்து அந்த ரொட்டித் துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வாங்கிய நாள் முதல் அதை ஒருமுறைகூடப் பயன்படுத்தியதில்லை.

⁂

நீங்கள் சாரா பாட்டியை நேரில் பார்த்திருக்கிறீர்கள்; நான் போனது அவர் மறைந்த பிறகு. கடையில் தாஹா இப்ராகிம் இருந்தார். சிறுவனாக அந்தத் தெருவில் சுற்றுலாப் பயணிகளுக்கு அஞ்சலட்டை விற்றவர்; கோஹன் தம்பதிக்குப் பிள்ளைகள் இல்லை, அவர்கள் வீட்டுப் பிள்ளைபோல ஆகிவிட்டார். 1999இல் கணவர் ஜேக்கப் இறந்த பிறகு பாட்டியைக் கடைசிவரை கவனித்துக்கொண்டதும் அவர்தான். கிப்பா தைக்கவும் பாட்டியிடமே கற்றுக்கொண்டிருக்கிறார்.

உங்கள் அம்மாவைப் போல எனக்குத் தையல் தெரியாது. இருந்தாலும் இப்போது இதைப் படித்ததும், அங்கே வாங்கி வந்த தொப்பியை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் ஒரே ஒரு முடிச்சு தெரிகிறது.