சட்டமுன்வடிவை ஒரே நாளில் நிறைவேற்றலாமா?

மெரினா_வாசி: குரூப் 2-க்குப் படிக்கிறேன். அறிமுகம், ஆய்வு, வாக்கெடுப்பு என்று புத்தகத்தில் படிப்படியாக இருக்கிறது. கோட்டையில் சில முன்வடிவுகள் தாக்கலான அன்றைக்கே நிறைவேறிவிடுகின்றன. அவசரத்தால் யாருக்காவது நிஜமாகவே பாதிப்பு வந்திருக்கிறதா?

அம்பத்தூர்_ஃபிட்டர்: வந்திருக்கும் தம்பி, மயிரிழையில் தப்பித்தோம். 2023 ஏப்ரல் 21, கூட்டத்தொடரின் கடைசி நாள். 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன.

விரும்புகிற தொழிலாளிக்கு மட்டும்தான், வாரத்துக்கு 48 மணி நேரம் மாறாது என்றார்கள் அமைச்சர்கள். எங்கள் ஷிஃப்டில் ஒருவர் டீ நேரத்தில் முன்வடிவைப் போனில் வாசித்துக் காட்டினார். வார வேலை நேரம், இடைவேளை, ஓவர்டைம் கூலி பற்றிய பிரிவுகளிலிருந்து எந்தத் தொழிற்சாலைக்கும் அரசு விலக்குத் தரலாம் என்றது புதிய 65ஏ பிரிவு. நாளைக்கு கம்பெனி காட்டப்போவது அரசிதழைத்தான், அமைச்சரின் பேட்டியை இல்லை. ‘விருப்பம் இல்லை’ என்று சொல்கிற கான்ட்ராக்ட் ஆளுக்கு மறுநாள் கேட் திறக்குமா? முன்வடிவை ஆராய எம்.எல்.ஏ.க்களைக் கொண்டு பேரவை அமைக்கும் தேர்வுக் குழுவுக்கு இதை அனுப்பி, அங்கே சங்கத்துக்காரரைக் கூப்பிட்டிருந்தால் முதலில் இதைத்தான் கேட்டிருப்பார். கடைசியில் மே தினத்தன்று முதல்வர் திரும்பப் பெற்றார்.

அதே ஏப்ரல் 21-இல் நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்டமும் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. ஏரி, ஓடை உள்ள நிலத்தையும் பெரிய திட்டங்களுக்குச் சேர்க்க வழி செய்வது அது. அதை யாரும் திரும்பப் பெறவில்லை. எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

திருவல்லிக்கேணிக்காரன்: ஜல்லிக்கட்டுச் சட்டமும் 2017 ஜனவரி 23-இல் ஒரே நாளில் வந்ததுதானே? உச்ச நீதிமன்றம் 2023-இல் அதை ஏற்றுக்கொண்டது. கடற்கரையில் அத்தனை பேர் உட்கார்ந்திருந்தபோது குழு அமைக்கிறோம் என்று சொல்ல முடியுமா?

அம்பத்தூர்_ஃபிட்டர்: சரிதான் சார், ஆனால் அது பல வருஷம் கோர்ட்டில் அலசிய விஷயம். இன்னொன்றைப் பாருங்கள். வன்னியர் 10.5% உள் ஒதுக்கீடு 2021 பிப்ரவரி 26-இல் நிறைவேறியது, அன்றைக்கே தேர்தல் தேதியும் வந்தது. நவம்பரில் ஐகோர்ட் ரத்து செய்தது. போதிய தரவு இல்லை என்று உச்ச நீதிமன்றமும் 2022 மார்ச்சில் அதை உறுதி செய்தது. நம்பி இருந்த பிள்ளைகளுக்கு என்ன பதில்?

1986-இல் மேலவை போனபிறகு நமக்கு இருப்பது ஒரே அவை. இரண்டாவது முறை பார்க்க தேர்வுக் குழுவை விட்டால் வேறு இடம் இல்லை. வரைவை 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று மத்திய அரசு 2014-இல் ஒரு கொள்கை வகுத்தது. அங்கேயும் ஒழுங்காக நடப்பதில்லை என்பது வேறு விஷயம். இங்கே அதைச் சட்டமாகவே கேட்க வேண்டும்.

மெரினா_வாசி: நன்றி அண்ணா. நிலச் சட்டத்தின் முழு வாசகம் எங்கே கிடைக்கும்?

அம்பத்தூர்_ஃபிட்டர்: அச்சுத்துறை இணையதளத்தில் அரசிதழ் சிறப்பு வெளியீடுகளைத் தேடுங்கள். முன்வடிவின் கடைசியில் இருக்கும் நோக்க காரண விளக்க உரையை முதலில் படித்துவிட்டு, அப்புறம் பிரிவுகளுக்கு வாருங்கள்.