காலை ஐந்தரை மணி, எட்டாவது லேன்

காரைக்குடி, செக்காலையிலிருந்து:

எனக்குச் சர்க்கரை வந்து நாலு வருஷம் ஆகிறது. "தினமும் நடங்க" என்று டாக்டர் சொன்னதும் பக்கத்து வீட்டு ஆச்சியைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு அழகப்பா பல்கலைக்கழக மைதானத்துக்குப் போக ஆரம்பித்தேன். ஆச்சிக்கு அறுபத்தெட்டு வயது, அவருக்கும் சர்க்கரை உண்டு. "முகப்புலேருந்து பின்கட்டு வரைக்கும் ஒரு நாளைக்கு நாப்பது தடவை நடக்குறேன், அது போதாதா?" என்பார். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு அவருடையது. அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது.

முதல் நாள் பேசிக்கொண்டே ஓடுபாதையின் உள்ளோரமாக நடந்தோம். பின்னாலிருந்து "டிராக்! டிராக்!" என்று ஒரு குரல். திரும்புவதற்குள் ஒரு பையன் எங்களை உரசாமல் விலகி ஓடினான். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் ஓடி முடித்ததும் அவனே மூச்சு வாங்க எங்களிடம் வந்தான். "அம்மா, சத்தம் போட்டதுக்கு மன்னிச்சுக்கங்க. ஸ்பைக்ஸ், ஆணி வச்ச ஷூ போட்டிருக்கேன், சட்டுன்னு நிக்க முடியாது. உள் லேன்ல டைம் பாத்து ஓடுவோம். நீங்க வெளி லேன்ல போங்க, யாரும் இடிக்க மாட்டாங்க."

உடற்கல்வி படிக்கிற பையன். அவன்தான் கணக்கும் சொன்னான். முதல் லேனில், அதாவது உள்ளோரத் தடத்தில், ஒரு சுற்று 400 மீட்டர். வெளியே போகப் போக லேனுக்கு ஏழரை மீட்டர் போலக் கூடி, எட்டாவது லேனில் 453 மீட்டர் வந்துவிடும். டிவியில் 400 மீட்டர் ஓட்டத்துக்கு ஆளுக்கு ஓர் இடத்தில் முன்னும் பின்னுமாக நிற்கிறார்களே, அது ஏன் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. ஏழு சுற்று நடந்தால் 2.8 கிலோமீட்டர் என்று நினைத்திருந்தோம். வெளி லேனில் அதுவே 3.17. ஆச்சி வீட்டுக்கு வந்ததும் மருமகளிடம் முதலில் சொன்னது இதைத்தான்.

நான் எழுத வந்தது சிவராத்திரிக்கு மறுநாள் காலையில் நடந்ததை. ராத்திரி முழுக்க ஆச்சி விரதம். மாத்திரையை மட்டும் விடாமல் போட்டிருக்கிறார். எனக்குத் தெரியாது. நாலாவது சுற்றில் ஆச்சிக்குக் கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது, பேச்சு குழறியது. நெஞ்சுவலி என்று நினைத்து நான் பதறிவிட்டேன். குண்டு எறிந்து பழகிக்கொண்டிருந்த ரெண்டு பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தி கேட்ட முதல் கேள்வியே, "ஆச்சி சுகர் மாத்திரை போடுறாங்களா? சாப்பிட்டாங்களா?"

வெறும் வயிற்றில் மாத்திரை போட்டதால் ஆச்சிக்கு ரத்தத்தில் சர்க்கரை ரொம்ப இறங்கியிருந்தது. இன்னொருத்தி பையிலிருந்து குளுக்கோஸ் பொட்டலத்தை எடுத்து, மூன்று ஸ்பூன், அதாவது 15 கிராம் போல, தண்ணீரில் கலக்கினாள். உடனே கொடுத்துவிடவில்லை. பேசவைத்து, ஒரு வாய் முழுங்கவைத்துப் பார்த்துவிட்டுத்தான் மீதியைக் கொடுத்தாள். "நினைவு தப்பினவங்க வாயில எதுவும் ஊத்தக் கூடாதும்மா, நேரா ஆஸ்பத்திரிதான்" என்றாள். 15 நிமிஷம் உட்காரவைத்தார்கள். அதற்குள் ஆச்சியின் முகம் தெளிந்தது. அப்புறம் பிஸ்கட். மறுநாள் டாக்டர் மாத்திரையின் அளவைக் குறைத்தார்.

இருபது வயதுப் பிள்ளைகள். அந்த நிதானத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் கண் கலங்குகிறது. மைதானத்தில் உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

கோட்டையூரிலிருந்து:

அக்கா, நான் அங்கே படித்தவன். பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த வள்ளல் அழகப்பர் எங்கள் ஊரில் பிறந்தவர். 1947-இல் ஒரு கல்லூரியில் ஆரம்பித்து அவர் உருவாக்கிய கல்வி நிறுவனங்களிலிருந்துதான் 1985-இல் பல்கலைக்கழகம் பிறந்தது. ஊருக்காகக் கொடுத்தவரின் இடத்தில் ஊர்க்காரர்களும் நடப்பதுதான் பொருத்தம்.

நீங்கள் மாணவர்களிடம் கற்றுக்கொண்டதைச் சொன்னீர்கள். நான் நடக்க வந்தவரிடம் கற்றுக்கொண்டேன். 800 மீட்டர் என் ஓட்டம். அதில் முதல் வளைவு வரை சொந்த லேனில் ஓட வேண்டும், பிறகு உள்ளே வரலாம். கோடு தாண்டியதும் நான் ஒரேயடியாக உள்ளே வெட்டிவிடுவேன். படியில் உட்கார்ந்து தினமும் பார்த்துக்கொண்டிருந்த ஐயா ஒருவர் ஒருநாள் கூப்பிட்டார். "தம்பி, எதுக்கு அவசரம்? அடுத்த வளைவு வர்றதுக்குள்ள உள்ள போயிட்டாப் போதும்ல. சரிஞ்சு சரிஞ்சு போப்பா, தூரம் மிச்சம்" என்றார். அவர் ஓடியவர் இல்லை, மலேயாவில் கடைக் கணக்குப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். கோச்சிடம் போய்ச் சொன்னேன். "பெரியவர் சொன்னதுதான் சரி, அப்படியே ஓடு" என்றார். அந்த வருஷம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் மெடல் வாங்கினேன். மெடலோடு ஐயா வீட்டுக்குப் போனேன். அவர் அதைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

தேவகோட்டையிலிருந்து:

என் கதை கொஞ்சம் கசப்பானது. பிரசவத்துக்குப் பிறகு எடை குறைக்க ஒரு தனியார் ஜிம்மில் சேர்ந்தேன். முதல் நாளே பளுவைத் தூக்கவைத்தார்கள். முதுகு பிடித்துக்கொண்டு பத்து நாள் படுக்கை. அதன் பிறகு உடற்கல்வி ஆசிரியை ஒருவரைப் பார்த்தேன். மூன்று வாரம் என்னை எந்த எடையையும் தொடவிடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்திருப்பது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, குதிகாலைத் தூக்கி இறக்குவது, இவ்வளவுதான். "உடம்பு கேக்குறப்போ எடையைக் கூட்டலாம்டா" என்பார். இப்போது குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறேன், வலி இல்லை.

பள்ளத்தூரிலிருந்து:

நாங்கள் ஊருணியில் நீச்சல் கற்றவர்கள், மைதானம் எங்களுக்குப் புதுசு. என் அம்மாவுக்கு வரணும் என்று ஆசை. சேலை கட்டிக்கொண்டு வரலாமா, யாராவது ஏதாவது சொல்வார்களா என்று கேட்கிறார்.

செக்காலையிலிருந்து:

தாராளமாக வரச் சொல்லுங்கள். ஆச்சி இன்னும் சேலையில்தான் நடக்கிறார், கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொள்வார். காலில் மட்டும் பிடிப்பான ஷூ வேண்டும், செருப்பு வேண்டாம். சித்திரை, வைகாசி வெயிலில் ஏழு மணிக்குமேல் நம் ஊரில் நடக்க முடியாது, அதனால் ஐந்தரைக்கே வந்துவிடுங்கள். முதல் நாள் ரெண்டு சுற்று போதும். அம்மா சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர் என்றால் வெறும் வயிற்றில் கூட்டிவர வேண்டாம், முந்தானையில் கொஞ்சம் சர்க்கரையும் முடிந்து கொடுத்து அனுப்புங்கள். நானும் ஆச்சியும் கேட் பக்கத்து வேப்பமரத்தடியில் நிற்போம்.