டெர்பி நடுவில் பெரியம்மாவை நீக்கியது சரியா?

மோல்மேன்_அக்கா
போனில் ஆடும் பண்ணை ஆட்டமான ஹே டே-வில் நம் குழுவில் நேற்று ராத்திரி நடந்ததைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். குழுக்களுக்குள் நடக்கும் டெர்பிப் போட்டியில், பர்மாவின் பெகுவில் இருக்கும் பெரியம்மா 320 புள்ளி வேலை ஒன்றை எடுத்தார். கோதுமை அறுப்பு. முடிக்கவில்லை, நேரம் கடந்துவிட்டது. போன வாரமும் இதேதான். ராத்திரி பதினொரு மணிக்குத் தலைவர் அவரைக் குழுவை விட்டு நீக்கிவிட்டார். முன்னால் ஒரு வார்த்தை இல்லை, பின்னால் ஒரு வார்த்தை இல்லை. காலையில் பெரியம்மா ஆட்டத்தைத் திறந்தால் குழுவையே காணோம். எனக்குப் போன் பண்ணி, "என்னம்மா, எல்லாரும் விளையாடுறத விட்டுட்டீங்களா?" என்று கேட்கிறார். நான் என்ன சொல்லட்டும்?

ரங்கூன்_கணக்கு
நான்தான் நீக்கினேன் அக்கா. ஒளிக்க ஒன்றும் இல்லை. குழுவில் அதிகபட்சம் 30 பேர்தான் இருக்கலாம், வெளியே நாலு பேர் இடம் கேட்டு நிற்கிறார்கள். டெர்பியில் நம் பக்கம் எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்களோ, ஏறக்குறைய அத்தனை பேர் உள்ள குழுக்களோடுதான் நம்மை மோதவிடுவார்கள். பெயரைக் கொடுத்துவிட்டு ஒருவர் ஆடாமல் இருந்தால் மற்றவர்கள்தான் இழுக்க வேண்டும். ஆட இஷ்டமில்லாதவர் டெர்பியிலிருந்து விலகிக்கொள்ள ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தினால் போதும். யாரும் எதுவும் சொல்ல மாட்டோம். குழு முகப்பிலேயே எழுதி வைத்திருக்கிறேன்: 320 மட்டும் எடு, எடுத்தால் முடி.

சிங்கை_பர்மாக்காரன்
தலைவர் சொல்வது சரி. நான் ஷிப்ட் முடிந்து ரயிலில் நின்றுகொண்டே ஆடுகிறேன். நேற்று இங்கே மணி பன்னிரண்டரை, அப்போதும் ஆடிக்கொண்டிருந்தேன். 320-க்குக் குறைந்த வேலை டெர்பி அறிவிப்புப் பலகையில் வந்தால் அதைத் தூக்கிப் போட்டு, புதியது வர அரை மணி நேரம் காத்திருக்கிறோம். இவ்வளவும் எதற்கு? ஒருவர் எடுத்துவிட்டுச் சும்மா இருப்பதற்கா?

பெகு_வயல்காரன்
தம்பி, நீங்கள் இருக்கும் ஊரில் கரண்டு போகாது. இங்கே எப்போது வரும் என்று கரண்டுக்கே தெரியாது. ராத்திரி இரண்டு மணிக்கு வந்தால் வீட்டில் எல்லாரும் எழுந்திருக்கிறோம். முதலில் மோட்டார் போட்டுத் தொட்டியில் தண்ணீர் ஏற்ற வேண்டும். அப்புறம் குக்கரில் சோறு. வெள்ளைச் சட்டை இருந்தால் இஸ்திரி. அதற்குப் பிறகுதான் போனுக்குச் சார்ஜ். உங்கள் 320 அந்தக் கடைசி வரிசையில் நிற்கிறது.

ரங்கூன்_கணக்கு
மாமா, நானும் ரங்கூனில்தான் இருக்கிறேன், எனக்கும் அதே கரண்டுதான். அதனால்தான் வேலை எடுக்கும் முன் போனில் சார்ஜ் பார்க்கிறேன். முடியாத நாளில் எடுப்பதில்லை. கரண்டு போனதற்காக யாரையும் நீக்கவில்லை. இரண்டு வாரமாக, கேட்டும் பதில் சொல்லாததற்காக நீக்கினேன். குழு அரட்டையில் மூன்று முறை எழுதினேன்.

மோல்மேன்_அக்கா
எந்த மொழியில் எழுதினீர்கள்?

ரங்கூன்_கணக்கு
இங்கிலீஷில். குழுவில் பர்மியரும் இருக்கிறார்கள், கரென்காரர் ஒருவர் இருக்கிறார். எல்லாருக்கும் புரிய வேண்டாமா?

தட்டோன்_பொண்ணு
நடுவில் நான் ஒன்று கேட்கலாமா. ஒழுங்கைப் பற்றிப் பேசுகிறோம் என்பதால் கேட்கிறேன். போன சனிக்கிழமை பெரியம்மாவின் கொட்டகை நிறைந்துபோய் அவரால் எதையும் எடுத்து வைக்க முடியவில்லை. கொட்டகையைப் பெரிதாக்க மரப்பலகை வேண்டும். மூன்று வாரமாகச் சேர்த்த பத்துப் பலகையை நான் ஆட்டத்தில் உள்ள என் சாலையோரக் கடையில் 1 காசுக்கு வைத்தேன். ஆட்டத்துப் பத்திரிகையில் விளம்பரம்கூடப் போடவில்லை, வெளியாள் வந்துவிடக் கூடாது என்று. "பெரியம்மாவுக்கு" என்று அரட்டையில் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதினேன். இரண்டு நிமிடத்தில் காணோம். எடுத்தது யார் என்று கடையில் படத்தோடு காட்டும். சிங்கை அண்ணே, நீங்கள்தான்.

சிங்கை_பர்மாக்காரன்
கடையில் வைத்தால் விற்பனைக்குத்தானே. ஆட்டத்தில் ஒருவருக்கென்று ஒதுக்கி வைக்க வழி இல்லை. எனக்கும் கொட்டகை நிறைந்துதான் இருந்தது. அரட்டையை நான் பார்க்கவில்லை, அது என் தப்பென்றால் தப்புதான். ஆனால் உங்கள் எல்லாருடைய காய்ந்த மரத்திலும் உதவி கேட்கும் அறிவிப்பைப் பார்த்தால் நின்று தண்ணீர் ஊற்றுகிறேனே, அதை யாரும் எண்ணுவதில்லை.

தட்டோன்_பொண்ணு
ஊற்றுகிறீர்கள், மறுக்கவில்லை. அதற்கு உங்களுக்கும் அனுபவப் புள்ளி வருகிறது அண்ணே. 🙂

பெகு_வயல்காரன்
1 காசுக்கு ஒரு பொருள் இருக்கிறது என்றாலே யாருக்கோ வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பக்கத்து வீட்டு வாசலில் வாழைத்தார் சாத்தி வைத்திருந்தால் எடுத்துக்கொண்டு போவோமா? கேட்போம்.

சிங்கை_பர்மாக்காரன்
மாமா, வாசலில் வைத்து மேலே விலைச்சீட்டும் ஒட்டினால் எடுப்பேன்.

சரி, விடுங்கள். என் பேச்சு வேறு. இதே மாதிரி ஆட்டத்தை நான் 2009-லிருந்து ஆடுகிறேன். அப்போது ஃபேஸ்புக்கில் ஃபார்ம்வில் வந்த புதுசு. நேரத்துக்கு அறுக்காவிட்டால் பயிர் வாடிவிடும். அலாரம் வைத்து எழுந்தவர்கள் உண்டு. "எனக்குப் பசு அனுப்பு, வேலி அனுப்பு" என்று தெரிந்தவன் தெரியாதவனுக்கெல்லாம் வேண்டுகோள் போய், அதனாலேயே பல பேர் நட்பை வெட்டினார்கள். 2020 டிசம்பர் 31-ல் அதை மூடியபோது எனக்குப் பெரிதாக வருத்தமில்லை. ஹே டே-வில் பயிர் வாடாது, வயலில் அப்படியே நிற்கும், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். அவசரம் இருக்கும் ஒரே இடம் டெர்பி. அங்கேயும் அவசரம் வேண்டாம் என்றால் அதில் சேராமல் இருக்கலாமே என்றுதான் நான் கேட்கிறேன்.

மோல்மேன்_அக்கா
அவசரம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நீக்குவதற்கு முன் ஒரு போன், அவ்வளவுதான் கேட்கிறேன். தலைவரிடம் பெரியம்மாவின் நம்பர் இருக்கிறது. தை மாசம் அவர் வீட்டுப் பொங்கலுக்குப் போனவர்தானே. யாருக்கு எத்தனை புள்ளி என்று சிட்டையில் ஏற்றுகிறார், அந்தக் காலத்தில் பர்மாவில் வட்டிக்குக் கொடுத்த செட்டியார் கிட்டங்கி தோற்றது. ஆள் எப்படி இருக்கிறார் என்று எழுத அதில் பத்தி இல்லை.

ரங்கூன்_கணக்கு
செட்டியாரை இழுக்காதீர்கள் அக்கா. 😄 அவர்கள் கணக்கு எழுதிக் கீழ்ப் பர்மா நெல் நிலத்தில் கால் பங்கைக் கையில் வைத்திருந்தார்கள். எனக்கு டெர்பியில் பரிசாகக் கிடைப்பது நாலு குதிரை லாடம்.

பெகு_வயல்காரன்
1930-களில் அந்த நிலம் எப்படிக் கைமாறியது என்று தெரியும்தானே? நெல் விலை விழுந்தது, கடன் அடையவில்லை, பத்திரம் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. கணக்கில் தப்பே இல்லை. என் பாட்டன் அதே நிலத்தில் குத்தகைக்கு உழுதார்.

ரங்கூன்_கணக்கு
இது ஒரு போன் விளையாட்டு மாமா.

பெகு_வயல்காரன்
அதைத்தான் நானும் சொல்கிறேன்.

பெரியம்மா_பெகு
நான் பேரன் எழுதுகிறேன். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுகிறேன், இடையிடையே என் வார்த்தையும் வரும்.

பாட்டிக்கு இங்கிலீஷ் படிக்க வராது. 2014-ல் சிம் கார்டு 1500 சாட்டுக்கு (பர்மா காசு) இறங்கிய பிறகுதான் அவர் கைக்குப் போன் வந்தது. ஆட்டத்தை முழுக்கப் படத்தைப் பார்த்துத்தான் ஆடுகிறார். டெர்பி என்றால் என்ன என்று இன்றைக்குத்தான் நான் விளக்கினேன். பலகையில் கோதுமைப் படம் இருந்ததாம், யாரோ கோதுமை இல்லாமல் கேட்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார். ஒன்று விதைத்தால் இரண்டு, இரண்டு நிமிடத்தில் விளைந்துவிடும், கொடுத்தால் என்ன என்று நாற்பது அறுத்தார். நாற்பது போதும் என்று படுத்துவிட்டார். அந்த வேலைக்கு நூற்றுக்கணக்கில் வேண்டும் என்பதை நானே இப்போதுதான் பார்த்தேன். நாற்பதையும் கடையில் 1 காசுக்கு வைத்திருந்தார். யாரோ எடுத்திருக்கிறார்கள், அதனால் கேட்டவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று சந்தோஷமாக இருந்தார்.

பாட்டி சொல்வது: "விதைக்கோதுமை தீர்ந்துபோய் ஒரு நாள் அந்தத் தம்பி கேட்டுச்சு, நான்தான் கொடுத்தேன். இந்தத் தடவையும் அதுதான்னு நினைச்சேன்."

அந்தத் தம்பி தலைவர்தான். எழுத வேண்டாம் என்றார், எழுதிவிட்டேன்.

ரங்கூன்_கணக்கு
ஆமாம். மார்ச்சில். விதையையும் சேர்த்துப் பேக்கரிக்குப் போட்டுவிட்டுக் கையில் ஒன்றும் இல்லாமல் நின்றேன்.

இப்போதே அழைப்பு அனுப்புகிறேன். ஆனால் ஒன்று, அவர் டெர்பியிலிருந்து விலகியே இருக்கட்டும். பேரன்தான் அந்தப் பொத்தானை அழுத்தித் தர வேண்டும். நீக்கும் விதியை நான் மாற்றப் போவதில்லை. அடுத்த முறை நீக்கும் முன் போன் செய்கிறேன். பெரியம்மாவிடம் இன்றைக்கே பேசுகிறேன்.

மோல்மேன்_அக்கா
டெர்பி வேண்டுமா வேண்டாமா என்று அவரிடம் கேட்டுவிட்டு அழுத்தட்டும். நீங்களே முடிவு பண்ணாதீர்கள். புரிந்துகொண்டால் நம்மைவிட நன்றாக ஆடுவார்.

சிங்கை_பர்மாக்காரன்
அது நடக்காது அக்கா, ஆனால் சரி. தட்டோன் தங்கச்சி, என் கடையில் பத்துப் பலகை வைத்திருக்கிறேன், 1 காசு. பெரியம்மாவுக்கு. அரட்டையில் மூன்று மொழியிலும் எழுதிவிட்டேன். யாரும் தொட வேண்டாம்.

மேமியோ_64
இந்தத் திரியை இப்போதுதான் மேலிருந்து படிக்கிறேன். பலகைக்கு நன்றி, யார் வைத்தது என்று தெரியாமல் வாங்கிவிட்டேன். திருப்பி வைக்கிறேன், ஐந்து நிமிடம் கொடுங்கள், போனில் 4 சதவீதம்தான் இருக்கிறது.